ஆர்ஜினின் இதயத்துக்கு நல்லதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருக்கும்போதும், இதயப் பரிசோதனை முடிந்து வீடு திரும்பும்போதும் பலர் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறோம். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருக்க, பிற்பகுதிப் பதில்கள் முற்பகுதியைச் சுட்டும். அதனால் மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது. மாரடைப்பு வந்தவர்கள் மட்டும் அது பற்றிய கேள்வியை முதலில் படித்துவிடவும்.

ஆர்ஜினின்னா என்ன? புரோட்டீன் பவுடரும் இதுவும் ஒண்ணா?

ஒன்றல்ல. புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அந்த இருபதில் ஒன்று ஆர்ஜினின். புரோட்டீன் பவுடரில் எல்லா அமினோ அமிலங்களும் கலந்திருக்கும், ஆர்ஜினின் அதில் ஒரு சிறு பங்கு. பால் புரதமான வே பவுடரில் அது 100 கிராமுக்கு 2 முதல் 3 கிராம்தான். சோயா புரதத்தில் ஏழு கிராமுக்கு மேல் கிடைக்கும்.

கடையில் 'எல்-ஆர்ஜினின்' என்ற பெயரில் விற்பது இந்த ஒற்றை அமினோ அமிலத்தை மட்டும் பிரித்தெடுத்த பொடி அல்லது மாத்திரை. பெயருக்கு முன்னால் வரும் 'எல்' மூலக்கூறின் வடிவத்தைக் குறிக்கிறது. உணவில் இருப்பதும் அதே வடிவம்தான்.

இதுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் ரத்தக்குழாய் வழியாக வருகிறது. ஒவ்வொரு ரத்தக்குழாயின் உட்பக்கத்திலும் ஒற்றை அடுக்குச் செல்களாலான ஒரு மெல்லிய உள்சுவர் உண்டு. அந்தச் செல்களில் உள்ள ஒரு நொதி, ஆர்ஜினினை எடுத்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாகவும் சிட்ருலின் என்ற இன்னொரு அமினோ அமிலமாகவும் மாற்றுகிறது. வாயு பக்கத்திலுள்ள தசைச் செல்களுக்குள் புகுந்து, அவற்றைத் தளரச் செய்கிறது. தசை தளர்ந்தால் குழாய் விரியும், ரத்தம் எளிதாக ஓடும், அழுத்தம் இறங்கும். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் இதே வாயு குறைக்கிறது. சில நொடிகளில் அழிந்துவிடும் வாயு என்பதால், உடம்பு இதை ஓயாமல் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உள்சுவர் ஏதோ ஒன்றைச் சுரந்துதான் குழாயைத் தளர்த்துகிறது என்பதை ராபர்ட் ஃபர்ச்காட் 1980-ல் முயலின் பெருந்தமனித் துண்டுகளில் காட்டினார். உள்சுவரைத் தேய்த்து எடுத்துவிட்ட துண்டுகள் தளரவில்லை. அந்த 'ஏதோ ஒன்று' நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது பிறகு உறுதியானது. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை வேலை செய்வதும் இதே வாயுவால்தான். (நோபல் பரிசை நிறுவிய ஆல்ஃபிரட் நோபல், நைட்ரோகிளிசரினை வெடிமருந்தாக்கியவர். கடைசிக் காலத்தில் அவருடைய இதயத்துக்கும் டாக்டர்கள் அதையே எழுதிக் கொடுத்தார்கள்.)

விளம்பரங்களில் 'நோபல் பரிசு பெற்ற மூலப்பொருள்' என்று வருவதை நம்ப வேண்டாம். பரிசு வாயுவைக் கண்டறிந்ததற்கு. மாத்திரைக்கு அல்ல.

உடம்பே இதைத் தயாரிக்கும்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் தனியா சாப்பிடணும்?

தயாரிக்கும். சிறுகுடல் சிட்ருலினை உண்டாக்கி ரத்தத்தில் விடுகிறது, சிறுநீரகம் அதை ஆர்ஜினினாக மாற்றுகிறது. வயதுவந்த ஆரோக்கியமானவருக்கு இந்தத் தயாரிப்பும் அன்றாட உணவும் சேர்ந்தாலே போதும். ஓரளவு புரதம் சாப்பிடும் ஒருவருக்கு உணவிலிருந்தே நாளுக்கு 4 முதல் 6 கிராம் கிடைத்துவிடுகிறது.

பெரிய தீக்காயம், கடும் தொற்று, பெரிய அறுவை சிகிச்சை, குறைமாதக் குழந்தை போன்ற நிலைகளில் உடம்பின் தயாரிப்பு போதாமல் போகும். அதனால்தான் இதை 'சூழ்நிலையைப் பொறுத்து அவசியமாகும்' அமினோ அமிலம் என்று வகைப்படுத்துகிறார்கள். மற்றவர்களுக்கு 'ஆர்ஜினின் குறைபாடு' என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. மாத்திரை எடுப்பவர்கள் குறையை நிரப்புவதில்லை. அளவைச் செயற்கையாக உயர்த்திப் பார்க்கிறார்கள். இந்த வித்தியாசம் மனத்தில் இருந்தால் கீழே வரும் பல பதில்கள் எளிதில் புரியும்.

எந்தச் சாப்பாட்டுல இது அதிகம்?

விதைகளிலும் கொட்டைகளிலும் பருப்புகளிலும். 100 கிராமுக்குக் கணக்கிட்டால் பூசணி விதையில் சுமார் 5.3 கிராம், வேர்க்கடலையில் 3, எள்ளில் 2.6, பாதாமில் 2.5, வால்நட்டில் 2.3, முந்திரியில் 2.1 கிராம். வெந்த கொண்டைக்கடலையில் 0.8, வெந்த மசூர் பருப்பில் 0.7. சமைத்த கோழி நெஞ்சுக்கறியில் 2 கிராமை ஒட்டி இருக்கும். ஒரு முட்டையில் 0.4, ஒரு டம்ளர் பாலில் 0.2 கிராம்தான்.

யாரும் 100 கிராம் பூசணி விதையை ஒரே வேளையில் தின்பதில்லை. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் என்று வைத்துக்கொண்டால், பூசணி விதையில் 1.6 கிராமும் வேர்க்கடலையில் 0.9 கிராமும் கிடைக்கும். ஒரு கைப்பிடி பூசணி விதை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 200 கிராம் வெந்த கொண்டைக்கடலை சேர்ந்தால் 4 கிராம் ஆகிவிடுகிறது. வேகவைப்பதால் ஆர்ஜினின் பெரிதாகக் குறையாது. கருகும்வரை வறுத்தால் கொஞ்சம் வீணாகும். உப்புத் தூவிய கடலை வேண்டாம். அழுத்தத்தைக் குறைக்க என்று தொடங்கி உப்பைக் கூட்டிக்கொள்வதில் பொருளில்லை.

மாத்திரை சாப்பிட்டா பிரஷர் நிஜமா குறையுமா? எவ்வளவு?

குறைகிறது, ஆனால் கொஞ்சம்தான். 387 பேர் பங்கேற்ற 11 ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான கணக்கில், மேல் அழுத்தம் சராசரியாக 5.4 புள்ளியும் கீழ் அழுத்தம் 2.7 புள்ளியும் இறங்கின. அந்த ஆய்வுகளில் கொடுத்த அளவு நாளுக்கு 4 முதல் 24 கிராம் வரை. ஒவ்வொன்றும் சிறிய ஆய்வு, பெரும்பாலும் சில வாரங்களே நடந்தவை.

உப்பைக் கணிசமாகக் குறைத்தாலும், நாள்தோறும் வேகமாக நடந்தாலும் ஏறத்தாழ இதே அளவு இறக்கம் கிடைக்கும். அவை உடம்புக்கு வேறு நன்மைகளும் செய்கின்றன, செலவும் இல்லை. எங்கள் கணிப்பில் ஆர்ஜினினின் இடம் அவற்றுக்குப் பிறகுதான். ரத்த அழுத்தம் குறைந்ததால் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன என்று ஆர்ஜினினை வைத்து யாரும் காட்டியதில்லை. பிரஷர் மாத்திரைகளுக்கு அந்தச் சான்று பல்லாண்டுகளாக இருக்கிறது.

அப்போ பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டு இதுக்கு மாறலாமா?

கூடாது. காரணம் முந்தைய பதிலின் கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது. பிரஷர் மாத்திரையோடு சேர்த்து எடுப்பதானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டும், தலை சுற்றும்.

டப்பாவுல 1000 மி.கி.ன்னு போட்டிருக்கு. ஒண்ணு போதுமா?

அழுத்தம் குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளில் குறைந்தபட்ச அளவே நாளுக்கு 4 கிராம். 1000 மி.கி. மாத்திரை ஒன்று என்பது 1 கிராம், அதாவது ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் இருப்பது. 500 மி.கி. மாத்திரை ஒன்றை எடுத்துவிட்டு 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்பவர்கள் பலர். தெரிய வாய்ப்பே இல்லை.

அடுத்து, எந்த வடிவம் என்று பாருங்கள். மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு. அதன் எடையில் 83 சதவீதம்தான் ஆர்ஜினின், மீதி ஹைட்ரோகுளோரிக் அமிலப் பங்கு. லேபிளில் 'எல்-ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு 1000 மி.கி.' என்றிருந்தால் உள்ளே இருப்பது சுமார் 830 மி.கி. 'எல்-ஆர்ஜினின் (ஹைட்ரோகுளோரைடாக) 1000 மி.கி.' என்றிருந்தால் பொதுவாக ஆர்ஜினின் மட்டுமே 1000 மி.கி. என்று பொருள். அந்த முதல் வகையில் 6 கிராம் எட்ட 7 அல்லது 8 மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும். அந்த அளவுக்குப் பொடியே வசதி. கலப்பில்லாத ஆர்ஜினின் பொடி கசக்கும், லேசான மீன் வாடை அடிக்கும், காரத்தன்மை அதிகம். நிறையத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்து குடித்தால் தொண்டை எரியாது.

ஒரே தடவையா எடுத்துக்கலாமா, பிரிச்சு எடுக்கணுமா? எனக்கு வயிறு கெட்டுப் போகுது.

பிரித்துத்தான் எடுக்க வேண்டும், இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, ரத்தத்தில் ஏறிய ஆர்ஜினின் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். காலையில் மொத்தமாகக் குடித்தால் மதியத்துக்கு மேல் அதனால் பயனில்லை. ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு மூன்று வேளையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது உங்கள் வயிறு. 9 கிராமுக்கு மேல் ஒரே நேரத்தில் எடுத்தால் வயிற்றுப்போக்கு, உப்புசம், குமட்டல் வருவது வழக்கம். உறிஞ்சப்படாத ஆர்ஜினின் குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. குடலிலேயே உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடும் நீர் சுரப்பைத் தூண்டுகிறது. ஒரு வேளைக்கு 2 கிராமில் தொடங்கி, ஒரு வாரம் பொறுத்து 3 கிராமாக உயர்த்துங்கள். அந்த அளவிலும் போக்கு நிற்காவிட்டால் விட்டுவிடுவதே சரி.

சிட்ருலின்தான் இதைவிட நல்லதுன்னு ஜிம்ல சொல்றாங்க. உண்மையா?

ரத்தத்தில் ஆர்ஜினின் அளவை உயர்த்துவது மட்டுமே நோக்கம் என்றால், உண்மை. வாய்வழி எடுக்கும் ஆர்ஜினினில் சுமார் 40 சதவீதத்தைக் குடல் செல்களே சிதைத்துவிடுகின்றன, இன்னொரு பங்கைக் கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. ஆர்ஜினேஸ் என்ற நொதி அதை யூரியாவாக்கிவிடும். சிட்ருலின் இந்த இரண்டு இடங்களையும் சேதமில்லாமல் தாண்டி, சிறுநீரகத்துக்குப் போய், அங்கே ஆர்ஜினினாகிறது (மூன்றாவது கேள்வியில் சொன்ன அதே வழி). எனவே குறைந்த அளவிலேயே ரத்தத்தில் ஆர்ஜினின் கூடுதலாக ஏறி, அதிக நேரம் நிற்கிறது. வயிற்றையும் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

'சிட்ருலின் மாலேட்' (சிட்ருலினோடு மாலிக் அமிலம் சேர்ந்தது) வாங்கினால் அங்கேயும் எடைக் கணக்கு உண்டு. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பது எடையில் 57 சதவீதமே சிட்ருலின். தர்பூசணியில் சிட்ருலின் இயற்கையாகவே இருக்கிறது. ஒரு கிலோ சதையில் 1 முதல் 3 கிராம் வரை, ரகத்துக்கு ரகம் மாறும். சர்க்கரை நோயாளிகள் அந்த ஒரு கிலோவில் உள்ள சர்க்கரையையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ரத்தத்தில் அளவு கூடுவது வேறு, நோய் குறைவது வேறு. சிட்ருலினால் மாரடைப்பு குறைந்தது என்ற சான்றும் இல்லை.

எனக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வெச்சிருக்காங்க. இதயத்துக்கு நல்லதுன்னா நான்தானே முதல்ல சாப்பிடணும்?

நீங்கள்தான் சாப்பிடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதல் மாரடைப்பு வந்த 153 பேரைக் கொண்டு அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. முடிவு 2006-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு, பாதிப் பேருக்கு ஆர்ஜினின் 3 கிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, ஆறு மாதத்துக்கு. மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ரத்தக்குழாயின் விறைப்பு குறையவில்லை, இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறனும் கூடவில்லை. ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், மற்ற பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

153 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, 6 மரணங்களில் தற்செயலுக்கும் இடமுண்டு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். வாதம் நியாயமானதே. ஆனால் தராசின் மறு தட்டில் வைக்க அந்த ஆய்வில் எந்த நன்மையும் கிடைக்கவில்லை. மாரடைப்பு நேர்ந்தவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கக் கூடாது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். கடலை, பருப்பு சாப்பிடுவதற்கு இந்தத் தடை பொருந்தாது. உணவிலிருந்து ஆர்ஜினின் மெதுவாக, மற்ற அமினோ அமிலங்களோடு கலந்துதான் வருகிறது.

நல்லது செய்யற வாயுவைத் தர்ற பொருள் எப்படிக் கெடுதல் பண்ணும்?

நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதிக்கு ஆர்ஜினின் மட்டும் போதாது. டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்ற துணைப்பொருளும் வேண்டும். புகைப்பழக்கம், சர்க்கரை நோய், பழுதான ரத்தக்குழாய் உள்ளவர்களிடம் அது குறைந்துபோயிருக்கும். அப்போது நொதி தடம்புரண்டு, நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாக சூப்பராக்சைடு என்ற கேடு செய்யும் மூலக்கூறை உண்டாக்குகிறது. அந்த நிலையில் ஆர்ஜினினை அள்ளிக் கொட்டுவதால் பழுது சரியாகாது.

இன்னொன்று, நீண்டநாள் அதிகமாக எடுக்கும்போது, சிதைக்கும் நொதியான ஆர்ஜினேஸின் வேலையும் கூடலாம். கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு இங்கே பொருத்தமானது. 133 பேர், நாளுக்கு 3 கிராம், ஆறு மாதம், 2007-ல் வெளியானது. வலியில்லாமல் நடக்கும் தூரம் போலி மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் அதிகம் கூடியது. சில வாரம் எடுத்தபோது கிடைத்த பலன் மாதக்கணக்கில் நீடிக்கும் என்று எண்ணிவிட முடியாது.

வேற யாரெல்லாம் தொடக்கூடாது?

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை (நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு) எடுப்பவர்களும், ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை எடுப்பவர்களும். மூன்றும் ஒரே பாதையில் குழாயை விரிக்கின்றன, அழுத்தம் சட்டென்று சரியும்.

சிறுநீரகம் பழுதானவர்கள் கண்டிப்பாக விலகி இருக்க வேண்டும். ஆர்ஜினின் செல்களுக்குள் நுழையும்போது பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. நல்ல சிறுநீரகம் அதைச் சிறுநீரில் போக்கிவிடும், பழுதானது போக்காது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஸ்பைரனோலாக்டோன் போன்ற பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் மாத்திரைகளும், எனாலப்ரில், லோசார்டான் வகை பிரஷர் மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் முதல் வாரங்களில் சர்க்கரை அளவைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும், ஆர்ஜினின் இன்சுலின் சுரப்பைத் தூண்டும். அறுவை சிகிச்சை நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, எடுத்துவந்ததை மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்லுங்கள்.

இதைச் சாப்பிட ஆரம்பிச்சதும் உதட்டு ஓரத்துல கொப்புளம் வந்துடுச்சு. சம்பந்தம் இருக்கா?

இருக்கலாம். உதட்டில் அடிக்கடி வரும் நீர்க்கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்ப்பீஸ் வைரஸ் பெருகுவதற்கு ஆர்ஜினின் தேவை என்பது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம். முன்பே அந்தக் கொப்புளம் வந்து போகிறவர்கள் பொடியை நிறுத்திப் பார்க்கவும்.

கர்ப்பமா இருக்கேன். பிரஷர் ஏறாம இருக்க எடுக்கலாமா?

நீங்களாக எடுக்கக் கூடாது. கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறு வர அதிக வாய்ப்புள்ள பெண்களுக்கு மெக்சிகோவில் ஆர்ஜினினும் வைட்டமின்களும் சேர்ந்த தின்பண்டக் கட்டிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான முடிவின்படி, போலிக் கட்டி சாப்பிட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கும் ஆர்ஜினின் கட்டி சாப்பிட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கும் அந்தக் கோளாறு வந்தது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் அது தேர்ந்தெடுத்த பெண்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. உங்கள் மகப்பேறு டாக்டரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

ரத்தத்துல ஏற்கெனவே தேவைக்கு மேல ஆர்ஜினின் இருக்குன்னா, இன்னும் சேர்த்தா எப்படி வேலை செய்யும்?

நுட்பமான கேள்வி. நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி பாதி வேகத்தில் ஓட லிட்டருக்கு 3 மைக்ரோமோல் ஆர்ஜினின் போதும். ரத்தத்தில் இருப்பதோ 50 முதல் 100. கணக்குப்படி மேலும் சேர்ப்பதால் ஒன்றும் மாறக் கூடாது, ஆனால் சிலருக்கு மாறுகிறது. ஆய்வாளர்களே இதை 'ஆர்ஜினின் முரண்' என்று குறிப்பிடுகிறார்கள்.

ஒரு விளக்கம் ஏடிஎம்ஏ என்ற பொருள். புரதங்கள் சிதையும்போது உண்டாகும் இது, ஆர்ஜினினைப் போலவே தோற்றமளித்து நொதியில் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிறுநீரகக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், கூடுதல் கொழுப்பு உள்ளவர்களிடம் ஏடிஎம்ஏ அதிகம். ஆர்ஜினினைக் கூட்டினால் போட்டியில் அதன் பக்கம் வலுக்கிறது. ஏடிஎம்ஏ குறைவாக உள்ள ஆரோக்கியமான இளைஞருக்கு ஆர்ஜினின் எந்த வித்தியாசமும் காட்டாததற்கும் இதுவே காரணம் என்கிறார்கள்.

பீட்ரூட் ஜூஸும் நைட்ரிக் ஆக்சைடு தரும்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?

போய்ச் சேரும் இடம் ஒன்று, பாதை வேறு. பீட்ரூட்டிலும் கீரைகளிலும் இருப்பது நைட்ரேட். நாக்கில் வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், உடம்பு அதை நைட்ரிக் ஆக்சைடாக்கும். உள்சுவர் நொதியின் தயவு இதற்குத் தேவையில்லை. கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டு நாள்தோறும் வாய் கொப்பளித்தால் அந்த பாக்டீரியா அழிந்து, பலனும் போகும். ஆர்ஜினின் பாதையை மவுத்வாஷ் தொடாது.

எனக்கு வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மேலே சொன்ன தடைகள் எதுவும் இல்லாமல், டாக்டரும் சம்மதித்தால், வீட்டில் கையில் கட்டும் பிரஷர் மீட்டர் போதும். தொடங்குவதற்கு முன் ஏழு நாள் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், ஒரே கையில், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். காபி, சிகரெட், உடற்பயிற்சிக்குப் பின் அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் எடுத்தபின் இதையே திரும்பச் செய்யுங்கள்.

ஒரே நாளுக்குள் ரத்த அழுத்தம் 10 புள்ளி ஏறி இறங்குவது சாதாரணம். எதிர்பார்க்கும் மாற்றமோ 5 புள்ளி. அதனால் ஒற்றை அளவை வைத்து 'இறங்கிவிட்டது' என்று முடிவு கட்ட முடியாது, சராசரியைத்தான் ஒப்பிட வேண்டும். அந்த நான்கு வாரத்தில் உப்பைக் குறைப்பது, நடையைத் தொடங்குவது போன்ற வேறு மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. சராசரி 3 புள்ளிகூட இறங்கவில்லை என்றால் அடுத்த டப்பா வாங்க வேண்டாம்.